ஏவுகணை இருக்க ஆள் எதற்கு?

உச்சிப்புளியில் இருக்கும் என் அக்கா மகன், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறான். 1.6 கிலோமீட்டர் ஓட்டம்தான் அவனுக்கு இப்போது உலகம். விடியுமுன் எழுந்து ரோட்டோரம் ஓடுவான். ஓடி முடித்துப் போனில் நேரத்தைப் பார்த்து, ஒன்று சிரிப்பான், இல்லை முகத்தைச் சுளிப்பான். போன வாரம் இரண்டும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மாமா, இனிமே சண்டையெல்லாம் ஏவுகணைதான்னு எல்லாரும் சொல்றாங்க. இங்கிட்டு பட்டனை அமுக்குனா அங்கிட்டு எல்லாம் முடிஞ்சிரும்னா, நான் எதுக்கு இப்படி ஓடணும்?"

இரண்டு வருட உழைப்பைப் போட்டிருக்கும் பையன் கேட்கிற கேள்வி. "சும்மா ஓடு மாப்ள" என்று தட்டிவிட மனசு வரவில்லை. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். அன்றைக்குத் திண்ணையில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து, போரைப் பற்றி ஒன்றுமே படிக்காத ஒருவருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரையில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமும் இல்லை. இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்தை முன்னின்று நடத்திய அப்துல் கலாம், 1931-இல் ராமேசுவரத்தில் பிறந்தவர். 1983-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில்தான் பிருத்வி 1988-லும், அக்னி 1989-லும் முதன்முதலாகப் பறந்தன. பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்துக்குப் போகிற பிள்ளைகள் அக்னியின் மாதிரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உச்சிப்புளியிலேயே கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. அங்கிருந்து ஆளில்லா விமானங்களும் கிளம்புகின்றன. தலைக்கு மேலே ஆளில்லாமல் பறப்பதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, தரையில் மட்டும் ஆள் எதற்கு என்று தோன்றத்தானே செய்யும்.

முதலில் ஏவுகணையைத் தெரிந்துகொள்வோம்

ஏவிய பிறகும் தன் பாதையைத் தானே திருத்திக்கொண்டு இலக்கைத் தேடிப் போகிற குண்டு. ஏவுகணை என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். திருத்திக்கொள்ளத் தெரியாமல், விட்ட வேகத்தில் போய் விழுந்தால் அது வெறும் ராக்கெட்.

இதில் இரண்டு பெரிய வகை. ஒன்று பாலிஸ்டிக் ஏவுகணை. தூரத்தில் இருக்கும் மாங்காயை அடிக்கக் கல்லை மேல்நோக்கி விடுகிறோம் இல்லையா, அது போல. எஞ்சின் சில நிமிடம் மட்டும் எரிந்து மேலே தூக்கிவிடும். மிச்ச தூரத்தை அது வந்த வேகத்திலேயே வளைந்து போய் விழுந்து முடிக்கும். பிருத்வியும் அக்னியும் இந்த வகை. முதல் பிருத்வி 150 கிலோமீட்டர் போனது. இன்றைய அக்னி-5, 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

இன்னொன்று குரூஸ் ஏவுகணை. இது ஓட்டுநர் இல்லாத சின்ன விமானம் மாதிரி. கடைசி வரை எஞ்சின் ஓடும், தாழ்வாகப் பறக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் நீர்க்காகம் அலைக்கு மேல் ஒட்டிப் பறப்பதைப் பார்த்திருப்பார்கள். கப்பலைத் தாக்கும் குரூஸ் ஏவுகணைகள் கடைசிக் கட்டத்தில் அப்படித்தான் வரும். ஏன் அவ்வளவு தாழ்வாக? கடலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களைக் கேளுங்கள். கரை கண்ணுக்குப் படுவதற்கு வெகுநேரம் முன்பே ராமேசுவரம் டிவி டவரின் உச்சி தெரிந்துவிடும், ஏனென்றால் அது 323 மீட்டர் உயரம். பூமி வளைந்திருப்பதால் தாழ்வாக இருப்பது கடைசியில்தான் தெரியும். ரேடாருக்கும் அதே கதிதான். தண்ணீரை ஒட்டி வருவதைக் கப்பலின் ரேடார் பார்க்கும்போது நேரம் கைமீறிப் போயிருக்கும்.

வேகத்தையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். இந்தியாவிடம் இருக்கும் பிரம்மோஸ் என்ற குரூஸ் ஏவுகணை ஒலியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு வேகத்தில் போகும். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் சுமார் 55 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரம்மோஸுக்கு ஒரு நிமிடம் சொச்சம். ஹைப்பர்சோனிக் என்று சொல்லப்படுபவை ஒலியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

குறியும் அப்படியே மாறிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி லண்டனை நோக்கி விட்ட வி-2, எந்தத் தெருவில் விழும் என்று விட்டவனுக்கே தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி விழும். இன்றைய நல்ல ஏவுகணை சில மீட்டருக்குள் விழுகிறது. இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் "சரி, இனி காலாட்படை எதற்கு" என்றுதான் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

எங்கள் புஞ்சையில் நடந்தது

அப்பா காலமான பிறகு, திருப்புல்லாணி பக்கம் இருந்த எங்கள் புஞ்சையை ஆறு வருடம் யாரும் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் குண்டு மிளகாய் போட்ட நிலம். போய்ப் பார்த்தபோது உள்ளே நுழையவே வழியில்லை. முழுக்கச் சீமைக்கருவேலம். ஜேசிபி வைத்து ஒரே நாளில் சாய்த்தோம். கரிமூட்டம் போடுகிறவர் வந்து விறகை அள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறும் மண்ணைப் பார்த்தபோது நிலம் நம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் போனேன். அறுத்த ஒவ்வொரு தூரிலும் நாலைந்து போத்து கிளம்பி முழங்கால் உயரம் நிற்கிறது. இடையில் ஆடுகள் வேறு நெற்றைத் தின்று புழுக்கை போட்டுப் புது விதையும் தூவியிருந்தன. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுனா மட்டும் போதுமா வாத்தியாரே. தூரைத் தோண்டி, உழுது, வெதைச்சு, ஆள் நடமாட்டம் இருக்கணும். இல்லேன்னா அது நிலம் இல்ல, வெறும் இடம்."

மனிதர்களைச் செடியோடு ஒப்பிட இதைச் சொல்லவில்லை. நிலம் யார் கையில் இருக்கிறது என்பது எப்படித் தீர்மானமாகிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். ஜேசிபி செய்த வேலை பெரிய வேலை. நாற்பது பேர் ஒரு வாரம் செய்ய வேண்டியதை ஒரே நாளில் முடித்தது. ஆனால் அது போன பிறகு அங்கே இருந்தது யார் என்பதுதான் தை மாதத்தில் விடையாக வந்தது.

போரில் இதே கதை பலமுறை நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் சிரியாவின் ஷைராத் விமானதளத்தின் மீது அமெரிக்கா 59 டோமஹாக் குரூஸ் ஏவுகணைகளை விட்டது. விமானங்கள் அழிந்தன, விமானக் கொட்டகைகள் சேதமாயின. ஒரு நாள் இரண்டு நாளுக்குள் அதே தளத்திலிருந்து மறுபடி விமானங்கள் கிளம்பிவிட்டன. ஓடுதளத்தை அமெரிக்கா குறிவைக்கவே இல்லை. பள்ளம் விழுந்திருந்தாலும் மண்ணும் கல்லும் போட்டு மூட முடியும், மூடுவதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்தி அங்கே நிற்பதற்கு எதிர்த்தரப்பில் யாரும் இல்லை.

கார்கில்: கண்ணெதிரே நடந்த பாடம்

இந்தியர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1999 கார்கில் போதும்.

மே மாதம் தெரியவந்தபோது எதிரி உச்சிகளில் உட்கார்ந்துவிட்டான். கீழே லே போகும் நெடுஞ்சாலை அவன் கண்ணுக்குக் கீழே. இந்தியா சும்மா ஆளை மட்டும் அனுப்பவில்லை. போஃபர்ஸ் பீரங்கிகள் இரவும் பகலும் முழங்கின. அந்தப் போரில் இந்தியத் தரப்பு சுட்ட பீரங்கிக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் இரண்டரை லட்சத்துக்கு மேல். மிராஜ் 2000 விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகளை டைகர் ஹில் உச்சியில் இருந்த முகாமின் மீதே போட்டன. முந்தோ தாலோ என்ற இடத்தில் எதிரியின் பொருள் கிடங்கையும் அழித்தன. சோறும் தோட்டாவும் போவது தடைபட்டது. அது சின்ன உதவி இல்லை.

ஆனால் மலையில் குறி வைப்பது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உச்சி என்பது சில இடங்களில் வீட்டு மொட்டைமாடி அளவுதான். எதிரி இருப்பது கல்லை அடுக்கிக் கட்டிய சின்ன மறைப்புக்குள். நான்கு மீட்டர் தள்ளி விழுந்தால் குண்டு அவனைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் போய் வெடிக்கும். நேராக விழுந்தாலும், பக்கத்துப் பாறைக்குப் பின்னால் இருப்பவன் உயிரோடு இருப்பான். குண்டு மழை நின்றதும் தலையைத் தூக்கி மறுபடி சுடுவான்.

அதனால் கடைசியில் ஏறத்தான் வேண்டியிருந்தது. டைகர் ஹில் ஏறக்குறைய 16,500 அடி. 18-வது கிரெனேடியர்ஸ் வீரர்கள் செங்குத்தான பக்கமாக, எதிரி எதிர்பார்க்காத வழியில், இருட்டில் கயிறு கட்டி ஏறினார்கள். முன்னால் ஏறிய யோகேந்திர சிங் யாதவ், உடம்பில் பல குண்டுகள் பாய்ந்த பிறகும் போய் எதிரியின் பதுங்குகுழியை அடக்கினார். பரம் வீர் சக்ரா பெற்றார். ஜூலை 4-ஆம் தேதி உச்சி கைக்கு வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பட்டாலிக் பகுதியில் மே 29-ஆம் தேதி ஏறும்போதே உயிர் விட்டார். அந்தப் போரில் இந்தியா இழந்தது 527 வீரர்களை.

இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது, "இதற்குத்தான் ஏவுகணை வேண்டும் என்கிறோம், ஆள் சாகாமல் இருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. நானும் அதைத்தான் விரும்புகிறேன். பீரங்கிக் குண்டும் விமானக் குண்டும் முன்னால் போனதால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடாமல் இருந்தது என்பதும் உண்மை. ஏறுகிறவனுக்கு வழியைச் சுலபமாக்க அவற்றால் முடிந்தது. ஏறுவதையே தேவையில்லாமல் ஆக்க முடியவில்லை.

இதே மாதிரி 1971-ஐயும் சொல்லலாம். டிசம்பர் 4-ஆம் தேதி இரவு நம் கடற்படையின் சின்ன ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அருகே போய்ப் பாகிஸ்தானின் கைபர், முகாஃபிஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. அந்த நாளைத்தான் இன்றும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் போர் முடிந்தது டிசம்பர் 16-இல், டாக்காவில். அங்கே கையெழுத்தானபடி ஏறக்குறைய 93,000 பேர் சரணடைந்தது நகரத்தின் வாசலுக்கு வந்து நின்ற தரைப்படையிடம்.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுப்போம்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் மாணவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. தரைப்படை இறங்காமலே ஜெயித்த போர் உண்டா என்று கேட்டால், அப்போது யூகோஸ்லாவியாவுக்குள் இருந்த கொசோவோவைக் காட்டுவார்கள். 1999 மார்ச் 24 முதல் ஜூன் 10 வரை, 78 நாள், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ கூட்டணியின் விமானங்களும் ஏவுகணைகளும் யூகோஸ்லாவியாவைத் தாக்கின. நேட்டோவின் காலாட்படை ஒருவர்கூடச் சண்டை போட்டு உள்ளே போகவில்லை. யூகோஸ்லாவியாவின் அதிபர் மிலோசெவிச் பணிந்தார்.

கனமான சாட்சிதான். அதனால் கவனமாகப் பார்க்க வேண்டும். தாக்குதல் தீவிரமாக நடந்த அந்த 78 நாளில்தான் கொசோவோவுக்குள் லட்சக்கணக்கான அல்பேனிய மக்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். கிராமத்துக்குள் துப்பாக்கியோடு நுழைகிறவனை 15,000 அடி உயரத்தில் பறக்கிற விமானத்தால் தடுக்க முடியவில்லை. அப்புறம், தரைப்படையை அனுப்பலாமா என்ற பேச்சு நேட்டோவில் வலுத்துக்கொண்டிருந்தது. ரஷ்யாவும் மிலோசெவிச்சைக் கைவிட்டது. ஒப்பந்தம் ஆன அடுத்த நாட்களிலேயே நேட்டோவின் அமைதிப்படை ஆயிரக்கணக்கில் உள்ளே போனது. இன்றைக்கும் அந்தப் படை அங்கே இருக்கிறது. குண்டு கதவைத் திறந்தது, வீட்டில் குடியிருக்க ஆள்தான் போனார்கள்.

ட்ரோன் போர் என்று எல்லோரும் சொல்லும் 2020 அசர்பைஜான், ஆர்மீனியா போரும் அப்படித்தான். 44 நாள் நடந்த அந்தப் போரில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும், தானே போய் மோதி வெடிக்கிற ஹரோப் ட்ரோன்களும் டாங்கிகளை வரிசையாக எரித்த வீடியோக்களை உலகமே பார்த்தது. போரை முடித்துவைத்த நிகழ்ச்சி வீடியோவில் அவ்வளவாக வரவில்லை. மலைமேல் இருக்கும் ஷூஷா நகரத்துக்கு அசர்பைஜான் வீரர்கள் கனரக ஆயுதம் இல்லாமல் காட்டுப் பள்ளங்கள் வழியாக, பாறையில் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள். நகரம் விழுந்ததும் ஓரிரு நாளில் போர்நிறுத்தம்.

ஏவுகணை மட்டுமே போதும் என்று உண்மையாகச் சொல்லக்கூடிய போர்களும் உண்டு. அவற்றில் நோக்கம் வேறு. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடித்துக்கொண்டன. ஈரான் 500-க்கு மேல் பாலிஸ்டிக் ஏவுகணைகளை விட்டது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான எல்லையே கிடையாது, யாரும் யாருடைய மண்ணையும் பிடிக்கப் போகவில்லை. அதே வருடம் மே மாதம், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பதிலாக இந்தியா 9 இடங்களைத் தாக்கியதும், அடுத்த நாட்களில் பிரம்மோஸ் பாய்ந்ததும் அந்த வகைதான். "இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்" என்று எதிரிக்குச் சொல்வது நோக்கம். அதற்கு ஏவுகணை பொருத்தமான ஆயுதம். நாலு நாளில் நின்றது, எல்லைக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆக, யாராவது "ஏவுகணை போதுமா" என்று கேட்டால், "எதற்குப் போதுமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். தண்டிக்கவா, தடுக்கவா, நிலத்தை எடுக்கவா, எடுத்ததை வைத்துக்கொள்ளவா? கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

மண்டபத்தில் கேட்டது

புத்தகம் சொன்னதை விட எனக்கு இதை நன்றாகச் சொன்னவர் மண்டபம் முகாமில் இருந்த ஓர் அம்மா. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்திறங்கிய மக்களை எங்கள் கரை பார்த்திருக்கிறது, வரவேற்றிருக்கிறது. அந்த அம்மா பிற்பாடு வந்தவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே போய்வந்த காலத்தில் ஒருநாள் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எதையோ பேசும்போது சொன்னார்.

"பொம்மர் வந்தா பங்கருக்க இறங்குவம், தம்பி. அது போன பிறகு ஏறி வந்து சமைப்பம். ஆமி வந்தா ஊரை விட்டே இறங்குவம்."

பொம்மர் என்றால் குண்டுவீசும் விமானம், பங்கர் பதுங்குகுழி, ஆமி ராணுவம். எத்தனையோ தடவை அது வந்து போயிருக்கிறது, உயிர்களை எடுத்திருக்கிறது. ஆனாலும் அது போன பிறகு அடுப்புப் பற்றவைக்க அவர் வீட்டுக்குத் திரும்பினார். வீட்டை விட்டு அவரைக் கிளப்பியது தரையில் நடந்து வந்த காலடி. இதைச் சொல்லும்போது அவர் போர்க்கலை எதுவும் விளக்கவில்லை, தன் வாழ்க்கையைச் சொன்னார். மேலிருந்து வருவது மக்களை ஒளிய வைக்கும், தரையில் வருவதுதான் ஊரை யாருடையது என்று மாற்றும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் போர் 2009-இல் எவ்வளவு சாவோடு முடிந்தது என்பதை நினைத்தால், தரைப்படை என்ற சொல்லை வீரமாக மட்டும் எழுதவும் எனக்குக் கை வராது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஆள் போய் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1987-இல் இலங்கை போன இந்திய அமைதிப்படை ஏறக்குறைய 1,200 பேரை இழந்து 1990-இல் திரும்பியது. அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் 20 வருடம் படையை வைத்திருந்தது. மண்ணில் நிற்காமல் பிடிக்க முடியாது, நின்றால் மட்டும் பிடித்ததாகவும் ஆகாது. அங்கே இருக்கும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஏவுகணைக்கும் எட்டாது, துப்பாக்கிக்கும் முழுதாக எட்டாது.

கடல் மட்டும் வேறு

தரையை விட்டு ஒரு நிமிடம் கடலுக்கு வருவோம். இங்கே ஏவுகணை உண்மையிலேயே பழையதை ஓரங்கட்டிவிட்டது. 1967-இல் எகிப்தின் சின்னப் படகுகள் விட்ட ஸ்டிக்ஸ் ஏவுகணைகள் இஸ்ரேலின் எய்லாட் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தன. 1971-இல் கராச்சியில் நாம் விட்டதும் அதே ஸ்டிக்ஸ்தான். 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் படைக்குத் தலைமைக் கப்பலான மோஸ்க்வா, கரையிலிருந்து உக்ரைன் விட்ட நெப்டியூன் ஏவுகணையால் போனது. உக்ரைனிடம் அப்போது சொல்லிக்கொள்கிற மாதிரி கடற்படையே இல்லை.

ஏன் கடலில் மட்டும் இது நடக்கிறது? கடலில் யாரும் குடியிருப்பதில்லை. எதிரியின் கப்பல் அங்கே வர முடியாமல் செய்துவிட்டால் வேலை முடிந்தது. பிடித்து வைத்துக்கொள்ள அங்கே தெரு இல்லை, சந்தை இல்லை, கிணறு இல்லை. ஆனால் அதே கடலுக்கு நடுவே ஒரு தீவு வந்துவிட்டால் கதை மாறிவிடும். 1982-இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் அர்ஜென்டினா விட்ட எக்சோசெட் ஏவுகணை பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலைப் பறித்தது. அப்படியும் தீவு யாருக்கு என்று முடிவானது, பிரிட்டன் வீரர்கள் கரையிறங்கிச் சேற்றில் நாள்கணக்காக நடந்து போர்ட் ஸ்டான்லியைச் சேர்ந்த பிறகு.

எண்ணிக்கையும் கண்ணும்

தரைக்குத் திரும்புவோம். ஏவுகணையின் இரண்டு பலவீனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று விலை. ஒரு டோமஹாக் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஒரு 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு சில ஆயிரம் டாலர். கார்கிலில் சுட்ட இரண்டரை லட்சத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஏவுகணையாகச் சுட உலகத்தில் எந்த நாட்டிடமும் கையிருப்பு இல்லை. பிரம்மோஸ் ஏறக்குறைய 3 டன் எடை, அதில் வெடிமருந்துப் பகுதி 200 முதல் 300 கிலோதான். மீதியெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு.

இரண்டாவது, ஏவுகணைக்கு விலாசம் வேண்டும். கட்டடமும் பாலமும் இருந்த இடத்தில் இருக்கும். மனிதனும் லாரியும் இருக்கமாட்டார்கள். 1991 வளைகுடாப் போரில் ஈராக் லாரிகளில் வைத்து ஸ்கட் ஏவுகணைகளை விட்டது. அந்த லாரிகளைத் தேடி நூற்றுக்கணக்கான முறை விமானங்கள் பறந்தன. உறுதியாக ஒன்றை அழித்ததாகக்கூடப் பிறகு காட்ட முடியவில்லை. 1945-இல் வி-2 லண்டன் மேல் விழுவது நின்றதும், ஏவுகிற இடங்களை நோக்கித் தரைப்படை முன்னேறியதால்தான்.

இதை ஏவுகணைக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் கை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-இல் ரஷ்யா பிடித்துவைத்திருந்த உக்ரைன் நகரமான கெர்சோன் சாட்சி. உக்ரைன் ஹைமார்ஸ் வண்டியிலிருந்து, பாதையைத் திருத்திக்கொள்ளும் ராக்கெட்டுகளால் அங்கே ஆற்றின் மேல் இருந்த அந்தோனிவ்ஸ்கி பாலத்தைத் திரும்பத் திரும்ப அடித்து ஓட்டையாக்கியது. ஆற்றுக்கு மேற்கே இருந்த ரஷ்யப் படைக்குச் சாமான் போவது சுருங்கியது. இன்னொரு பக்கம் உக்ரைன் காலாட்படை நெருக்கியது. நவம்பரில் ரஷ்யா நகரத்தை விட்டுப் போனது. தனித்தனியாக இரண்டில் எதுவும் அதைச் செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தரையிலிருந்து ஏவும் பெரிய ஏவுகணைப் படை சீனாவிடம் இருக்கிறது. 2015 கடைசியில் அதற்கு ராக்கெட் படை என்று தனிப் பெயரே கொடுத்தார்கள். அதே வருடம் ராணுவத்தில் 3 லட்சம் பேரைக் குறைக்கப்போவதாகவும் சொன்னார்கள். குறைத்த பிறகும் ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஏவுகணையை நம்புகிறவர்களே ஆளை விடவில்லை.

மாறியிருப்பது அந்த ஆளின் வேலை. இதை என் அக்கா மகனிடம் ஒளிக்காமல் சொன்னேன். முன்பு போல நூறு பேர் ஒரே இடத்தில் கூடி நின்றால், மேலே பறக்கும் ட்ரோன் பார்த்துவிடும். பத்து நிமிடத்தில் குண்டு வரும். அதனால் நாலைந்து பேராகப் பிரிந்து, மறைந்து, போனைக்கூட அணைத்துவைத்துப் போக வேண்டியிருக்கிறது. கையில் துப்பாக்கியோடு ட்ரோனும் இருக்கும். அதிகம் படிக்க வேண்டும், அதிகம் தனியாக முடிவெடுக்க வேண்டும். வேலை போகவில்லை மாப்ள, கஷ்டமாகியிருக்கிறது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஷூவைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டிருந்தான்.

கரையில் ஒரு ஒத்திகை

2008 நவம்பர் 26-இல் மும்பைக்குள் பத்துப் பேர் கடல் வழியாக வந்தார்கள். குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தார்கள். 166 பேர் செத்தார்கள். அந்தப் படகை ஏவுகணையால் அடித்திருக்க முடியாதா? முடியும். ஆனால் அந்தக் கடலில் அதே மாதிரி ஆயிரம் படகு இருந்தது. எது என்று யாருக்குத் தெரியும்?

அதன் பிறகுதான் எங்கள் பக்கமும் கடலோரப் போலீஸ் நிலையங்கள் கூடின, மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது, சாகர் கவச் என்ற ஒத்திகை நடக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறக்குறைய கால்வாசி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதால் இங்கே அது பெரிய விஷயம். பாதுகாப்புப் படையினர் சிலர் தீவிரவாதி மாதிரி வேடம் போட்டுப் படகில் கரையேறப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அவர்களைக் கண்டுபிடித்து மடக்க வேண்டும்.

ஒரு முறை அப்படி வந்த படகைக் கடலோரப் போலீஸுக்கு முன்பே பிடித்துக்கொடுத்தவர், அக்கா மகனோடு ஓடுகிற பையன் ஒருவனின் அப்பா. நாட்டுப்படகுக்காரர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். வந்தவர்கள் லுங்கி கட்டியிருந்தார்கள், பேச்சும் சரியாக இருந்தது, ராத்திரி தொழிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்றார்களாம். இவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். வலையைக் கையால் தொட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"ராப்பூரா கடல்ல கிடந்தோம்ங்கிறீங்க. வலை ஏன்யா காஞ்சு கிடக்கு?"